மோட்டாருக்கு முன்னால் தராசு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் மெதுவாக நகரும் கனமான பொருள் எதைப் பார்த்தாலும், அதற்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு கியர்பாக்ஸ் உட்கார்ந்திருக்கும். இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் உருளைகளுக்கு முன்னால் கியர்பாக்ஸ். கூரையை ஒட்டி ஊர்ந்து போகும் கிரேனின் கொக்கிக்கு மேலே கியர்பாக்ஸ். அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் நிலக்கரியைச் சுமந்து போகும் கன்வேயருக்கும் அதுவேதான். இந்த ஆலைகளின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. புதிதாக ஓர் இயந்திரம் வந்தால், தூக்க வேண்டிய எடை எவ்வளவு, எந்த வேகத்தில் தூக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் அவர்கள் மோட்டாரைப் பற்றிப் பேசுவார்கள். அந்த ஆலைகளுக்குப் பக்கத்திலேயே, ஆரணியாற்றங்கரையில் இருக்கிற திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியிலும் (பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணி வேறு), பொன்னேரியிலும், பெரியபாளையத்திலும் பொழுதுபோக்காக எதையாவது செய்து பார்க்கும் இளைஞர்களும் பள்ளி மாணவர்களும் இருக்கிறார்கள். சிப்காட் மதிலுக்கு உள்ளே இருக்கும் அந்தச் சிறு பழக்கம் மதிலைத் தாண்டி இவர்களிடம் வரவேண்டும் என்பதே என் வாதம். மெதுவாகச் சுற்ற வேண்டும், பலமாகவும் சுற்ற வேண்டும் என்றால், மோட்டாரைத் தேடுவதற்கு முன் பளுவை அளக்க வேண்டும்.

இப்போது நடப்பது தலைகீழ். சென்னை ரிச்சி தெருவில் மோட்டார் கேட்டு வருகிறவரின் பேச்சு பெரும்பாலும் 'எத்தனை ஆர்பிஎம்?' என்றுதான் தொடங்குகிறது. அடுத்தது வோல்ட், அதற்கடுத்தது விலை. இணையத்தில் வாங்குகிறவரும் 'ஹை டார்க்' என்று போட்டிருந்தால் போதும் என்று நம்பி வாங்கிவிடுகிறார். எவ்வளவு டார்க், அதாவது எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்ற எண் அவரிடம் இல்லாதபோது 'ஹை' என்ற சொல்லுக்குப் பொருளே கிடையாது. இது பொழுதுபோக்குக்காரர் ஒருவரின் பையோடு முடிந்துபோகிற நட்டமும் அல்ல. இன்ஸ்பயர் மானக் விருதுத் திட்டத்தில் தேர்வாகும் ஒரு பள்ளி மாணவரின் கணக்குக்கு, மாதிரி செய்வதற்காக 10,000 ரூபாய் வருகிறது. 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 2025-26 மத்திய பட்ஜெட், ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 ஆய்வகங்கள் வரும் என்று அறிவித்தது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் நடுநிலைப் பள்ளி வகுப்பறைக்கே சோதனைப் பொருள்களைக் கொண்டு போகிறது. பொதுப் பணமும் பிள்ளைகளின் ஆர்வமும் சேரும் இடத்தில் மோட்டாரை ஊகத்தின் பேரில் வாங்குவது கவலைக்குரியது.

வேகமும் பலமும் எப்படி ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கின்றன என்பதற்கு நம் ஊர்களில் நூற்றாண்டுகளாக இருந்த சாட்சி மாட்டுச் செக்கு. உழைக்கும் மாடு தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விசையோடு நீண்ட நேரம் இழுக்கும் என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ மாடு என்றால் 40 கிலோ. செக்கின் நடுவிலிருந்து மாடு நடக்கும் வட்டம் வரை 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த மாடு தரும் முறுக்குவிசை கிட்டத்தட்ட 1,180 நியூட்டன் மீட்டர். மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் நிமிடத்துக்கு இரண்டு சுற்றுக்குச் சற்று மேல். இரண்டையும் பெருக்கித் திறனைக் கணக்கிட்டால் சுமார் 270 வாட் வருகிறது. அரை எச்பி மோட்டாரின் திறன் 373 வாட். ஆக, தாளில் பார்த்தால் மோட்டார் மாட்டைவிடப் பலசாலி. ஆனால் அந்த மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும்போது அதன் தண்டில் கிடைக்கும் முறுக்குவிசை வெறும் இரண்டரை நியூட்டன் மீட்டர். மாட்டின் முறுக்குவிசை அதைப்போல் 470 மடங்கு. எள்ளை நசுக்கும் உலக்கையை அந்தத் தண்டோடு நேராகப் பிணைத்தால் அது அசையக்கூட அசையாது. இன்று மின்சாரத்தில் ஓடும் மரச்செக்குகளின் அடியில் கனத்த கியர் இருப்பதன் காரணம் இந்தக் கணக்குதான்.

இதில் கடினமான இயற்பியல் எதுவும் இல்லை. திறன் என்பது முறுக்குவிசையையும் சுற்று வேகத்தையும் பெருக்கினால் வருவது. வாட் கணக்கில் வேண்டுமென்றால், நியூட்டன் மீட்டரை நிமிடச் சுற்றால் பெருக்கி 9.55-ஆல் வகுக்க வேண்டும். திறன் மாறாதபோது வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் முறுக்குவிசை பத்து மடங்காகும். உராய்வில் போவது மட்டும் கழியும். தமிழக அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமான இயக்க விதிகளிலேயே விசையின் திருப்புத்திறன் வருகிறது. பற்சக்கரமும் வண்டியின் ஸ்டியரிங்கும் அதற்கு எடுத்துக்காட்டுகளாக நிற்கின்றன. அதாவது இந்த அறிவு பதினைந்து வயதுப் பிள்ளையின் பையில் ஏற்கெனவே இருக்கிறது. பரீட்சைத் தாளில் அதை எழுதுகிற அதே பிள்ளை கண்காட்சிக்கு மோட்டார் வாங்கும்போது எடுத்துப் பார்ப்பதில்லை. பாடத்துக்கும் கடைக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளிதான் என்னை இதை எழுத வைத்தது.

தமிழ்நாட்டுச் சமையலறைகளும் இந்தப் பாடத்தைத் தினமும் நடத்துகின்றன. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார் என்பது பதிவான செய்தி. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய பெல்ட் கிரைண்டர் ஒன்றின் அடித்தகட்டைக் கழற்றிப் பாருங்கள். மோட்டார் தண்டில் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு புல்லி. பாத்திரத்தின் தண்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிய புல்லி. இரண்டையும் ஒரு பெல்ட் சுற்றி வளைத்திருக்கும். மோட்டார் ஆயிரத்துச் சொச்சம் சுற்று ஓடினாலும் பாத்திரம் அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுற்றும். ஊறிய அரிசி கெட்டியாக மாறி இழுக்கும்போது பாத்திரம் நின்றுவிடாமல் இருப்பது அந்தப் புல்லி வித்தியாசத்தால். மோட்டாரைப் பெரிதாக்கி இந்தப் பிரச்சினை தீர்க்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லுக்கு என்ன தேவை என்பதிலிருந்து பின்னோக்கி மோட்டாருக்கு வந்தார்கள். மாவு சூடாகிப் புளிப்பு மாறிவிடக் கூடாது என்பதால் வேகம் முதலிலேயே முடிவாகிவிட்டது. கல்லின் எடை இன்னது என்பதும் தெரியும். மோட்டார் இந்த இரண்டுக்கும் பிறகு வந்தது.

இனி, ஆரணி போன்ற பேரூராட்சியில் ஒரு வீட்டுக்கு உண்மையில் பயன்படக்கூடிய ஒரு செய்முறையை எடுத்துக்கொள்வோம். காய்கறிக் கழிவையும் காய்ந்த இலையையும் போட்டு, தினமும் சில நிமிடம் உருட்டி உரமாக்கும் பேரல். 200 லிட்டர் பேரல் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். (ரசாயனம் இருந்த பேரலைத் தொடவே கூடாது, உணவுப் பொருள் வந்த பேரல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.) அதன் விட்டம் ஏறத்தாழ 58 சென்டிமீட்டர். மூன்றில் ஒரு பங்கு நிரம்பினால் உள்ளே ஈரக் கழிவு 50 கிலோ இருக்கலாம். பேரலைப் படுக்கவைத்துச் சுழற்றும்போது கழிவு அடியிலேயே கிடப்பதில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாக மேலேறி, ஏறத்தாழ 40 பாகைச் சரிவுக்கு வந்த பிறகுதான் சரிந்து விழும். அந்த நேரத்தில் கழிவின் எடை மையம் பேரலின் நடு அச்சிலிருந்து பக்கவாட்டில் சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். 50 கிலோவை 10 சென்டிமீட்டரால் பெருக்கினால் 500 கிலோ-சென்டிமீட்டர். கடையில் விற்கும் சிறு மோட்டார்களின் அட்டையில் இந்த அலகுதான் அச்சாகியிருக்கும். நியூட்டன் மீட்டரில் சொன்னால் 49. முழுக் கணக்கும் இவ்வளவுதான்.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர் கையால் அளந்துவிடலாம். கழிவை நிரப்பி, பேரலை இரண்டு உருளைகளின் மேல் படுக்கவைத்து, அதன் உடம்பில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, கயிற்றின் முனையில் ரயில் பயணத்துக்குப் பெட்டி எடை போடும் தொங்கு தராசை மாட்டி மெதுவாக இழுக்க வேண்டும். பேரல் நகரத் தொடங்கி, கழிவு மேலேறிச் சரியும் வரை தராசு காட்டும் மிகப் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 17 கிலோ என்று வந்தால், பேரலின் ஆரமான 29 சென்டிமீட்டரால் பெருக்க 493. தாளில் போட்ட கணக்கும் கயிறு சொல்வதும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். வராவிட்டால் அதுவும் ஒரு செய்தி: உருளை சரியாகச் சுற்றவில்லை, பேரல் நெளிந்திருக்கிறது, அல்லது கழிவு நினைத்ததைவிட ஈரமாக இருக்கிறது. மோட்டார் வாங்குவதற்கு முன்பே இந்தக் கோளாறுகள் தெரிந்துவிடுவது எவ்வளவு பெரிய லாபம்! பேரலை நிமிடத்துக்கு மூன்றரைச் சுற்று சுழற்றினால் போதும் என்றால், அதற்குத் தேவையான திறன் 18 வாட். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு இரண்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரம். 373 வாட் அரை எச்பி மோட்டாரை இதே அச்சில் நேராகப் பொருத்தினால் பேரல் அசையாது. தேவையைப்போல் இருபது மடங்கு திறனை வாங்கியும் வேலை நடக்காமல் போகும் இந்த விசித்திரத்தைக் கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளை, திறன் வேறு முறுக்குவிசை வேறு என்பதை வாழ்நாளில் மறக்காது.

பளு தெரிந்தபின் கியர் தானாகவே கண்ணுக்குத் தெரியும். பேரலே ஒரு பெரிய சக்கரம்தான். அதைத் தாங்கும் உருளைகளில் ஒன்றை 5 சென்டிமீட்டர் விட்டத்தில் வைத்து அதை மோட்டாரால் சுழற்றினால், 58-க்கு 5 என்ற கணக்கில் 11.6 மடங்குக் குறைப்பு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. உருளைக்குத் தேவையான முறுக்குவிசை 500-இலிருந்து 43 கிலோ-சென்டிமீட்டராக இறங்குகிறது. உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்து 55 என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றரைச் சுற்றை 11.6-ஆல் பெருக்கினால் உருளை நிமிடத்துக்கு 40 சுற்று ஓட வேண்டும். 12 வோல்ட்டில், 40 சுற்றுக்கு, 55 கிலோ-சென்டிமீட்டரைத் தொடர்ந்து தாங்கும் மோட்டார். இப்போதுதான் கடைக்குப் போக வேண்டிய நேரம். இந்த வாசகத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போகிறவரிடம் 'ஹை டார்க்' என்று சொல்லி எதையும் தள்ளிவிட முடியாது.

இந்தச் சீட்டுக்குக் கிட்டத்தட்ட அளவெடுத்தாற்போல் பொருந்துவது காரின் வைப்பர் மோட்டார். நிமிடத்துக்கு 40 சுற்றை ஒட்டி ஒரு வேகம், 60-ஐ ஒட்டி இன்னொரு வேகம், உள்ளேயே வேகத்தைக் குறைக்கும் வார்ம் கியர், மழை விடும்வரை ஓடுவதற்கென்றே செய்த உடம்பு. 1961-இல் நிறுவப்பட்டு, சென்னை பாடியில் இயங்கும் லூகாஸ் டிவிஎஸ் இவற்றைத் தயாரிக்கிறது. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றியவையும் கிடைக்கின்றன. பழைய மோட்டாரில் அட்டவணை எதுவும் இருக்காதே என்று தயங்க வேண்டாம். அதன் தண்டில் 10 சென்டிமீட்டர் நீளக் கட்டையை இறுக்கிப் பொருத்தி, முனையைத் தொங்கு தராசில் மாட்டி, ஒரு நொடி மட்டும் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் நின்றுபோகும் இடத்தில் தராசு ஓர் எண்ணைக் காட்டும். 20 கிலோ என்றால் 200 கிலோ-சென்டிமீட்டர். இது மோட்டாரின் உச்ச வரம்பு. தொடர்ந்து ஓட வேண்டிய வேலைக்கு இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமத்தக் கூடாது. மூன்றில் ஒன்று 66. நமக்கு வேண்டியது 55. சரியாகப் போச்சு. பார்ப்பதற்கு அதன் தம்பிபோல் இருக்கும், கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரை வாங்கிவிடக் கூடாது; சில நொடி ஓடி நிற்பதற்காக அதைச் செய்திருக்கிறார்கள், பத்து நிமிடம் பேரலை உருட்டினால் சூடேறிவிடும். ரோபோ கார்களில் பார்க்கும் மஞ்சள் நிற பிஓ மோட்டாரின் பிளாஸ்டிக் பற்கள் இந்த வேலையில் முதல் நாளே வழுவழுப்பாகிவிடும்.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, அதிகம் கேட்பது: 'வேகமாக ஓடும் மோட்டாரை வாங்கி ரெகுலேட்டரால் குறைத்தால் போகிறது.' சாதாரண ஏசி இண்டக்ஷன் மோட்டாருக்கு மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் முறுக்குவிசை கால்வாசியாக விழும். வேகம் குறைகிறது, பலம் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறைகிறது. டிசி மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் இதைவிட மேல். அது முறுக்குவிசையைக் காப்பாற்றும். ஆனால் காப்பாற்றும், அவ்வளவுதான், கூட்டித் தராது. ஆலைகளில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவிக்கும் இந்த எல்லை உண்டு. தவிர, மோட்டாரின் வாலில் இருக்கும் விசிறியும் மோட்டாரோடு சேர்ந்து மெதுவாகிவிடுவதால், அதிகப் பளுவோடு குறைந்த வேகத்தில் ஓடும் மோட்டார் தன் சூட்டிலேயே வேகும். முற்றிலும் நின்றுபோனால் உள்ளே வரும் மின்சாரம் அத்தனையும் செம்புக் கம்பியில் சூடாகிறது. எரிந்த வார்னிஷ் வாடையோடு காயில் கட்டும் கடைக்கு வரும் மோட்டார்களில் இப்படி நின்றபடியே வெந்தவையும் உண்டு.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அதை மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும். கியரே இல்லாமல் மெதுவாகவும் பலமாகவும் சுழலும் மோட்டார்கள் இன்று நம் தலைக்கு மேலேயே சுழல்கின்றனவே என்பார்கள். உண்மை. சீலிங் ஃபேனில் கியர் கிடையாது. மின்ஸ்கூட்டர்கள் சிலவற்றின் பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. சில சலவை இயந்திரங்களிலும் பெல்ட் போய்விட்டது. சத்தம் இல்லை, எண்ணெய் இல்லை, தேய்மானம் குறைவு. ஆனால் இந்த மோட்டார்களின் உருவத்தைப் பாருங்கள்: எல்லாமே அகலமானவை, தட்டையானவை. சுழலும் பரப்பு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு முறுக்குவிசை. அந்தத் தூரத்தை நிரப்பச் செம்பும் காந்தமும் வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் 1,500-ஐ ஒட்டிச் சுற்றும். சீலிங் ஃபேனுக்குப் பெரும்பாலும் 14 அல்லது 16 துருவங்கள் வைத்து வேகத்தை 400-க்குக் கீழே கொண்டு வருகிறார்கள். கன்ட்ரோலர் இல்லாமல், கியரும் இல்லாமல் 30 சுற்றுக்கு இறங்க வேண்டுமானால் 200 துருவங்கள் தேவை. அவ்வளவு இறங்கியும் ஃபேன் காற்றைத்தான் தள்ளுகிறது, ஈரக் கழிவை அல்ல. ஒரு ஃபேன் தண்டில் ஒரு நியூட்டன் மீட்டர்கூட வராது. பேரலுக்கு 49 வேண்டும். கியரில்லா மோட்டார் அருமையான பொறியியல், அதைச் செய்யும் தொழிற்சாலைக்கு. ஒரே ஒரு பேரல் செய்கிறவருக்குப் பழைய சைக்கிள் செயினும் பற்சக்கரமும் அதே முறுக்குவிசையைச் சில நூறு ரூபாயில் தந்துவிடும்.

'எதற்கு வம்பு, பெரிய மோட்டாராக வாங்கிப் போட்டால் பாதுகாப்புதானே?' என்பது மூன்றாவது. பம்ப் செட்டுக்கு அப்படி வாங்கிப் பழகிய ஊர் நம்முடையது. அந்த எண்ணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் கியர் போட்ட மோட்டாரில் மிதமிஞ்சிய பலம் ஆபத்து. செக்கில் மாட்டுக்கு வலித்தால் மாடு நின்றுவிடும். கியர் மோட்டார் நிற்காது. செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே விரலோ தாவணி முனையோ சிக்கினால், மெதுவாகச் சுற்றுகிறதே என்ற நம்பிக்கை அங்கே உதவாது; மெதுவாகச் சுற்றுவதால்தான் அவ்வளவு விசை. பள்ளிக் கண்காட்சி மேசையில் இப்படிப்பட்ட ஒன்றைத் திறந்தபடி வைக்கவே கூடாது. தேவைக்கு ஏற்ற மோட்டார், அதற்கேற்ற ஃப்யூஸ், அதிகம் அழுத்தினால் வழுக்கிக்கொள்ளும் ஓர் இடம் இவை மூன்றும் இருக்க வேண்டும். பேரல் எடுத்துக்காட்டில் உருளையின் மேல் போர்த்தும் சைக்கிள் டியூப் ரப்பரே அந்த வழுக்கும் இடம். பேரல் எங்காவது மாட்டிக்கொண்டால் ரப்பர் தேயும், மோட்டாரும் கையும் பிழைக்கும். எதையும் அளக்காமல் இரண்டு மடங்கு மூன்று மடங்கு வாங்குகிறவருக்கு இந்த மூன்றில் எதற்கும் அளவு சொல்ல முடியாது.

பொழுதுபோக்கில் எதற்குக் கணக்கு, பிள்ளைகள் தட்டித் தடவிக் கற்கட்டுமே என்று ஆசிரியர்களே சிலர் சொல்வார்கள். அந்த அக்கறை எனக்குப் பிடிக்கும். தவறி விழுந்து கற்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தவறு எதையாவது சொல்லித் தர வேண்டும். கருகிப்போன மோட்டார் ஏன் கருகியது என்று சொல்வதில்லை. பளு அதிகமா, மின்னழுத்தம் தவறா, கியர் போதாதா என்று தெரியாமல் பிள்ளை அடுத்த மோட்டாரையும் அதே ஊகத்தோடு வாங்குகிறது. 10,000 ரூபாய்க்குள் இப்படி எத்தனை முறை வாங்க முடியும்? வசதியான வீட்டுப் பிள்ளை மூன்றாவது மோட்டாரும் வாங்கும். நெசவு வேலைக்கோ சிப்காட் ஒப்பந்த வேலைக்கோ போகிறவர் வீட்டுப் பிள்ளை முதல் மோட்டாரோடு, 'எனக்கு இதெல்லாம் வராது' என்று ஒதுங்கிவிடும். அளந்து வாங்கு என்பது அந்தப் பிள்ளையை உள்ளே நிறுத்திவைக்கும் வழி. அதோடு, கயிறு கட்டித் தராசை இழுத்துப் பார்ப்பதைவிட உற்சாகமான விளையாட்டு ஒரு வகுப்புக்கு வேறென்ன வேண்டும்?

கியருக்கும் குறைகள் உண்டு. பற்களுக்கு நடுவே இருக்கும் சிறு இடைவெளியால் திசை மாற்றும்போது ஒரு தளர்வு தெரியும். சத்தம் வரும். வார்ம் கியர் திறனில் கணிசமான பகுதியைச் சூடாக்கி வீணடிக்கும். 18 வாட் வேலைக்கு நம் வைப்பர் மோட்டார் ஐம்பது வாட்டுக்கு மேல் இழுத்தாலும் வியப்பில்லை. மின்சாரம் போனால் பேரலைக் கையால் உருட்டவும் விடாது. வானத்து நட்சத்திரத்தைப் பின்தொடரும் தொலைநோக்கிக்கோ துல்லியமாக நின்று நகர்ந்து தானாகப் படம் வரையும் கருவிக்கோ ஒரு சுற்றில் 200 படிகள் வைத்து நகரும் ஸ்டெப்பர் மோட்டார்தான் பொருந்தும், வேகம் கூடக் கூட அதன் முறுக்குவிசை சரியும் என்ற நினைப்போடு. எந்த மோட்டார் எதற்கு என்பதில் என் பரிந்துரையை ஒருவர் ஏற்காமல் போகலாம். ஆனால் ஏற்பதற்கும் மறுப்பதற்கும் அவர் கையில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: எத்தனை கிலோ, அச்சிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், நிமிடத்துக்கு எத்தனை சுற்று.

ஆகவே திருவள்ளூர் மாவட்டப் பள்ளிக் கல்வி அலுவலகத்தின் முன் வைக்க எனக்கு ஒரு சிறு கோரிக்கை இருக்கிறது. அறிவியல் கண்காட்சிக்கான படிவத்தில், சுழலும் பாகம் உள்ள மாதிரிகளுக்கு இந்த மூன்று எண்களுக்கும் தராசில் அளந்த இழுவைக்கும் சேர்த்து ஒரு வரி ஒதுக்கலாம். மாதிரி ஓடாவிட்டாலும் அந்த வரியைச் சரியாக நிரப்பியவருக்கு மதிப்பெண் உண்டு என்று நடுவர்களுக்குச் சொல்லலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் 50 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு ஒன்று வாங்கித் தரலாம். டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து அரசு தரம் உயர்த்திய 71 அரசு ஐடிஐகளில் இருக்கும் விலையுயர்ந்த இயந்திரங்கள் எதுவும் இதற்குத் தேவைப்படாது. நடுவர்களாகக் கல்லூரிப் பேராசிரியர்களோடு கும்மிடிப்பூண்டி ஆலைகளின் பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர் ஒருவரையும் அழைக்க வேண்டும். கியர்பாக்ஸைத் திறந்து, தேய்ந்த பல்லைக் கையில் பிடித்து, இது ஏன் தேய்ந்தது என்று சொல்லத் தெரிந்தவர் அவர். ஆரணிக்கும் பொன்னேரிக்கும் அவர் அதிகத் தொலைவிலும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் வழியில்தான் அந்தப் பள்ளிகள் இருக்கின்றன.